பொட்டு வைத்த ஈய லாரி

தன் லாரியைத் தங்கராஜு நாசம் செய்துவிட்டான் என்பது பெரிய கிராணி சற்குணத்தின் கட்சி. நாசம் எங்கே செய்தேன், திருத்தித்தானே கொடுத்தேன் என்பது சின்ன கிராணி தங்கராஜுவின் கட்சி. இரண்டு பேரும் மலாயாவில் அலோர் காஜாவுக்கு அப்பால் மூங்கில் தோட்டம் என்கிற ரப்பர் தோட்டத்து ஆபீசில் எதிரெதிர் மேசையில் உட்கார்ந்து குமாஸ்தா வேலை பார்க்கிறவர்கள். லாரி என்றால் ரோட்டில் ஓடுகிற லாரி இல்லை. உள்ளங்கையில் அடங்குகிற ஈய லாரி. சீமையிலிருந்து கப்பலில் வந்து மலாக்கா டவுன் கடையில் விற்கிற சாமான். அதற்குப் போய் இரண்டு வளர்ந்த மனிதர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் இருந்தார்கள் என்றால் கேட்கிறவன் சிரிப்பான். சிரித்துவிட்டுப் போகட்டும்.

அந்தப் பைத்தியத்தை ஆரம்பித்து வைத்தவரே சற்குணம்தான். யாழ்ப்பாணத்து மனிதர். திருநீறும் சந்தனப் பொட்டும் இல்லாமல் ஆபீஸ் படி ஏறமாட்டார். கடையில் வாங்கிய லாரியை வாங்கியபடியே வைத்திருக்க அவருக்கு மனசு வராது. அச்சில் வார்த்த பிசிறையெல்லாம் சின்ன அரத்தால் ராவி எடுப்பார். சேலையில் தைக்கிற சமிக்கியை வெட்டி முன்விளக்கு வைப்பார். பிறகு பூனை முடித் தூரிகையால் வர்ணம் பூச உட்கார்ந்தால் சோறு தண்ணீர் மறந்துபோகும். வர்ணத்தில் அவர் கையை அடிக்க ஆள் கிடையாது, சும்மா சொல்லக் கூடாது.

தங்கராஜு அதைப் பார்த்துத்தான் தானும் ஒன்று வாங்கினான். ஆனால் அவன் போன வழி வேறு. சற்குணத்தின் லாரி கம்பெனியிலிருந்து இறங்கிய அன்றைக்கு இருந்த மாதிரி மினுங்க வேண்டும். தங்கராஜுவின் லாரி நேற்று சாயங்காலம் ரப்பர் ஷீட்டை இறக்கிவிட்டுத் திரும்பி வந்த மாதிரி இருக்க வேண்டும். ஒடுங்கின மட்கார்டு வேண்டும், சக்கரத்து இடுக்கில் செம்மண் வேண்டும், பழைய குடைத்துணியில் கிழிந்த படுதா வேண்டும். முன்பக்கத்து வலைக்காக ஒருநாள் வீட்டுத் தேத்தண்ணி வடிகட்டியை வெட்டிவிட்டான்.

"இனிமே உங்க லாரியிலயே டீ வடிகட்டிக் குடிங்கலா," என்றாள் அவன் மனைவி கமலவேணி. அன்றைக்கு முழுவதும் அவள் டீ போடவில்லை.

அவனுக்குக் கை நன்றாக வரும், வாய்தான் ஏழரை. பால்வெட்டுக்காரர்களையும் ஏசுவான், கங்காணியையும் ஏசுவான், பெரிய கிராணி என்றும் பார்க்கமாட்டான். பெரிய துரையின் மனைவி கிளப்பில் கைவேலைக் கண்காட்சி வைக்கப் போகிறாள் என்று கேள்விப்பட்டு, சற்குணம் ஒரு சிவப்பு லாரியை மாதக்கணக்கில் இழைத்து இழைத்துச் செய்து ஆபீஸ் அலமாரியில் வைத்திருந்தார். கண்காட்சிக்கு முந்தின நாள் அவர் கிளினிக்குக்குப் போயிருந்த நேரத்தில், தங்கராஜு அதை எடுத்து விளக்குக் கரியையும் செம்மண்ணையும் எண்ணெயில் குழைத்து மேலெல்லாம் தேய்த்துவிட்டான். நல்லதுக்குத்தான் செய்தானா, கொழுப்பெடுத்துச் செய்தானா என்று கேட்டால் அவனுக்கே பதில் தெரியாது. இரண்டும்தான் என்று வைத்துக்கொள்ளலாம்.

சற்குணம் வந்து பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது.

"ஆரைக் கேட்டு என்ட லொறியைத் தொட்டனீர்?"

"இப்பதான் அது லாரி மாதிரி இருக்கு. மினுக்கி வச்சா அது சின்னப் புள்ளைங்க வெளையாட்டுச் சாமான்லா," என்றான் தங்கராஜு. பியூன் முன்னால், கணக்கப்பிள்ளை முன்னால் சொன்னான்.

சற்குணம் லாரியை மண்ணெண்ணெயில் கழுவினார். கரியோடு சேர்ந்து வர்ணமும் உரிந்து வந்துவிட்டது. கண்காட்சிக்கு அவர் போகவே இல்லை. அதற்குப் பிறகு அவர் எந்த லாரியையும் தொடவில்லை. தங்கராஜுவிடம் ஆபீஸ் பேச்சைத் தவிர வேறு பேச்சு இல்லை. அவன் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வயிற்றெரிச்சல் என்று கமலவேணியிடம் சொல்லிவிட்டுத் தன் வேலையைப் பார்த்தான்.

இதற்குள் அவசர காலம் முற்றிவிட்டது. தோட்டத்தைச் சுற்றி முள்கம்பி போட்டார்கள். வெள்ளைக்காரனை எதிர்த்துக் காட்டில் ஒளிந்திருக்கிற கம்யூனிஸ்டுகளுக்கு அரிசி போய்விடக் கூடாது என்று கேட்டில் சோற்றுச் சட்டியைக்கூடக் கிண்டிப் பார்த்தார்கள். தோட்டத்து லாரிக்கு இரும்புத் தகடு அடித்துக் கவசம் கட்டினார்கள். டிரைவர் மருதமுத்து பார்க்க ஒரு கீறல், காவலுக்குப் போகிற ஸ்பெஷல் கான்ஸ்டபிள் சுப்பன் துப்பாக்கி நீட்ட ஒரு ஓட்டை. அவசரத்தில் அடித்த தகடு, இடது கதவுக்குக் கீழே இரண்டு துண்டும் சேராமல் கையகல இடைவெளி விட்டிருந்தது. பார்க்கிறவர்கள் எல்லோருக்கும் அது தெரியும். நாளைக்குச் சரிபண்ணலாம் என்று எல்லோரும் விட்டுவிட்டார்கள்.

தங்கராஜுவுக்குக் கை ஊறியது. புதிதாக ஒரு ஈய லாரி வாங்கி, பால் டின் தகரத்தை வெட்டி அதே கவசத்தைக் கட்டினான். ஆணித் தலைகள், துருப்பிடித்த ஓரங்கள், துப்பாக்கி ஓட்டை, கதவுக்குக் கீழே அந்த இடைவெளி, ஒன்று விடவில்லை. ஆயுத பூஜை அன்றைக்கு மருதமுத்து பெரிய லாரிக்குச் சந்தனம் தடவிக் குங்குமம் வைத்தான். தங்கராஜு வீட்டில் தன் அரம், கத்திரி, தூரிகையோடு சின்ன லாரியையும் சாமி படத்துக்கு முன்னால் வைத்து அதன் பானட்டில் ஊசி முனையால் ஒரு பொட்டு வைத்தான். அதைவிட நல்ல லாரியை அவன் செய்ததில்லை. காட்டுவதற்குத்தான் ஆள் இல்லை. இருந்த ஒரே ஆளிடம் பேச்சு இல்லை.

தீபாவளி கழிந்த வாரத்தில் செம்மண் மேட்டுத் திருப்பத்தில் காட்டுக்குள்ளிருந்து தோட்டத்து லாரியைச் சுட்டார்கள். குண்டு கதவுக்குக் கீழே நுழைந்தது. சுப்பன் அங்கேயே செத்துப்போனான். மருதமுத்து உடம்பெல்லாம் வெந்து மலாக்கா ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடந்தான். லாரி எரிந்து எலும்புக்கூடாக நின்றது.

மறுநாள் காலையில் போலீஸ் துரை ஜீப்பில் வந்தான். ஜப்பான் சண்டைக்கு முன்னால் தோட்டத் துரையாக இருந்தவன். தோட்டத்துத் தமிழ் பாதி பேசுவான், கோயில் பூஜைப் பக்கம் மட்டும் எட்டிப் பார்த்ததில்லை. தோட்டத்துச் சனங்கள் அத்தனை பேரையும் காலையில் ஆள் எண்ணுகிற பெரட்டுக் களத்தில் தரையில் உட்கார வைத்தார்கள். வீடு வீடாகச் சோதனை நடந்தது. யாரோ உள்ளிருந்து துப்புக் கொடுத்திருக்கிறார்கள், இல்லாவிட்டால் அந்த இடைவெளியைக் குறிவைத்துச் சுட்டிருக்க முடியாது என்று துரை உறுதியாக நம்பினான். கொஞ்ச நேரத்தில் ஒரு கான்ஸ்டபிள் தங்கராஜு வீட்டிலிருந்து சின்ன லாரியைத் தூக்கிக்கொண்டு வந்தான்.

போன வருஷம் பக்கத்துத் தோட்டத்து ரங்கசாமியை இப்படித்தான் கூட்டிக்கொண்டு போனார்கள். முகாமில் போட்டார்கள், பிறகு நாகப்பட்டினத்துக்குக் கப்பல் ஏற்றிவிட்டார்கள். அவன் அங்கே, பெண்டாட்டி பிள்ளைகள் இங்கே. தங்கராஜுவும் கைக்குழந்தையாகக் கப்பலில் வந்தவன்தான். நாகப்பட்டினத்தில் அவனுக்கு ஒரு நாயையும் தெரியாது. கூட்டத்தில் கமலவேணி நிறைமாத வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார முடியாமல் உட்கார்ந்திருந்தாள்.

"யாருடையது?" என்று துரை இங்கிலீஷில் கேட்டான்.

"என்னுடையது, சார்."

துரை பென்சில் முனையைக் கதவுக்குக் கீழே இருந்த இடைவெளிக்குள் விட்டான். "சுப்பன் செத்தது இந்த வழியில். இதை யாருக்குச் செய்தாய்?"

"யாருக்கும் இல்லை, சார். இருக்கிறதை இருக்கிற மாதிரி செய்வேன். அவ்வளவுதான்."

"யாருக்கும் இல்லாமல் ஒருவன் இத்தனை ஆணியையும் எண்ணி வைப்பானா? இந்தச் சிவப்பு என்ன?"

"பொட்டு, சார். பூஜை வைத்தது."

"என்ன பூஜை?"

எந்தத் தமிழனைக் கேட்டாலும் யோசிக்காமல் சொல்கிற பதிலைத்தான் தங்கராஜுவும் சொன்னான். "ஆயுத பூஜை, சார்."

துரை நிமிர்ந்தான். அந்த வார்த்தை அவனுக்கு நன்றாகவே தெரியும். ஆயுதங்களோடு சரணடையுங்கள் என்று விமானத்திலிருந்து போட்ட தமிழ் நோட்டீசெல்லாம் அவன் கை வழியாகப் போனதுதான். ஆயுதம் வைத்திருந்தால் தூக்கு என்று இதே களத்தில் நின்று அவன் தமிழிலேயே சொல்லியிருக்கிறான்.

"ஆயுதம்," என்றான் மெதுவாக. "இது ஆயுதம் என்று நீயே சொல்கிறாய்."

"ஐயோ, அந்த ஆயுதம் இல்லை, சார். கத்தி, மண்வெட்டி, பேனா, தராசு எல்லாம் ஆயுதம்தான், சார். எங்கள் வீட்டில் எல்லோரும் ஆயுதம் வைத்துக் கும்பிடுவோம்." இங்கிலீஷில் சொல்லச் சொல்லக் குழி ஆழமாகிக்கொண்டே போனது. அவனுக்கே அது கேட்டது.

துரை ஆபீஸ் வாசலைப் பார்த்துக் கையசைத்தான். "மிஸ்டர் சற்குணம். நீங்களும் இந்து. இவன் சொல்வது உண்மையா?"

சற்குணம் நெற்றியில் சந்தனப் பொட்டோடு இறங்கி வந்தார். லாரியைக் கையில் வாங்கினார். கண்ணுக்கு நேரே தூக்கிப் பிடித்தார், திருப்பினார், நகத்தால் தகட்டின் ஓரத்தை வருடினார். முன்பக்கத்து வலையில் கொஞ்ச நேரம் கண் நின்றது. அந்த வேலையின் அருமை அவருக்குத் தெரிகிறது என்று தங்கராஜு கண்டுகொண்டான். இந்தத் தோட்டத்தில் அதைத் தெரிந்துகொள்ளக்கூடிய ஒரே மனிதர் அவர். பாவி மனுஷன், இந்த நேரத்திலா பார்க்கிறார் என்று அவனுக்கு ஆத்திரமாக வந்தது.

"பூஜை உண்மை, சார்," என்றார் சற்குணம் இங்கிலீஷில். "எங்கள் ஆட்கள் தொழில் செய்கிற கருவிக்குப் பொட்டு வைப்பார்கள். விளையாட்டுச் சாமானுக்கு வைத்து நான் பார்த்ததில்லை. இது இரண்டில் எது என்று அவர்தான் சொல்ல வேண்டும்." பிறகு தங்கராஜுவின் பக்கம் திரும்பினார். "சொல்லும். ஆயுதமோ, சின்னப் பிள்ளையளின்ர விளையாட்டுச் சாமானோ? எல்லாருக்கும் கேக்கச் சொல்லும்."

தங்கராஜு பல்லைக் கடித்தான். கமலவேணி அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வெளையாட்டுச் சாமான்," என்றான்.

"ஆற்ற சாமான்?"

"என்னோட வெளையாட்டுச் சாமான். நான்தான் வச்சு வெளையாடறேன்."

சற்குணம் அதை இங்கிலீஷில் துரைக்குச் சொன்னார். துரை தங்கராஜுவின் மீசையைப் பார்த்தான், வெள்ளைக் கால்சட்டையைப் பார்த்தான். நம்பவில்லை.

"விளையாட்டுச் சாமான் என்றால் விளையாடத் தெரிந்திருக்கும், சார்," என்றார் சற்குணம். "விளையாடிக் காட்டட்டும்."

துரையின் உதடு லேசாகக் கோணியது. அந்த யோசனை அவனுக்குப் பிடித்திருந்தது. களத்தின் ஓரத்தில் பால் பீப்பாய் உருட்டி ஏற்றுகிற சிமெண்டுச் சாய்வு இருந்தது. அதன் அடியில் லாரியை வைத்து, போ என்று பென்சிலால் காட்டினான்.

தங்கராஜு முட்டி போட்டான். லாரியைத் தள்ளினான். ஈயச் சக்கரம் சிமெண்டில் கரகரத்தது.

"சத்தம் எங்கே?" என்றான் துரை தமிழில். "லாரி சத்தம் போடும், இல்லையா?"

குனிந்த தலை நிமிராமல், "டுர்ர்ர்," என்றான் தங்கராஜு. யாரோ ஒரு பால்வெட்டுக்காரி களுக்கென்று சிரித்துவிட்டாள். அவ்வளவுதான், களம் முழுவதும் சிரித்தது. நாள் தவறாமல் அவனிடம் ஏச்சு வாங்கியவர்கள், உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்கள், கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்கள். கமலவேணி முந்தானையை வாயில் அழுத்திக் குனிந்துகொண்டாள். துரையும் சிரித்தான். கிறுக்கன், விட்டுவிடு என்று கான்ஸ்டபிளிடம் சொல்லிவிட்டு ஜீப்பைப் பார்த்து நடந்தான்.

தங்கராஜு எழுந்திருக்கப் போனான். அவன் தோளுக்கு மேலே சற்குணம் குனிந்தார்.

"இரும். துரை இன்னும் ஜீப்பில ஏறேல்லை. திரும்பிப் பாக்கிறான்." குரலில் கோபம்கூட இல்லை. ஆபீசில் பிழை திருத்துகிற அதே குரல். "மேடு ஏறேக்க கியர் மாத்தேல்லை நீர். எந்த லொறி இப்பிடி ஏறும்? திருப்பிச் செய்யும்."

தங்கராஜு லாரியைச் சாய்வின் அடிக்குக் கொண்டு வந்தான். பாதி மேட்டில் சத்தத்தை நிறுத்தி, கியரை மாற்றி, குரலைத் தாழ்த்தி உறுமிக்கொண்டே மேலே ஏற்றினான். இந்தத் தடவை சத்தம் சரியாக இருந்தது.