முர்ட்டன் கோட்டை வாசலில் காலை பத்து மணி

ஏரிக்கரைகளிலேதான் இனங்களின் வரலாறு எழுதப்படுகிறது என்பது இராஜசிங்கத்தாரின் அசைக்கமுடியாத கொள்கை. அவருடைய முத்தமிழ் மேம்பாட்டுச் சங்கத்தின் வரலாறு மட்டும், சுவிஸின் ஓஸ்டர்முண்டிகனில் ஒரு அடுக்குமாடியின் நிலவறைப் பொதுச் சலவையறையில், உடுப்புத் தோய்க்க வெள்ளிக்கிழமை ஆருடைய முறை என்ற சண்டையில் தொடங்கியது. அன்றைக்கு வென்றவர்தான் இருபத்தைந்து வருசமாகத் தலைவர்.

வெள்ளிவிழாவுக்கு முர்ட்டனைத் தெரிவுசெய்தார். மதில் சூழ்ந்த பழைய ஊர், கோட்டை, கீழே ஏரி. அங்கே தனக்குப் பொன்னாடை போர்த்தினால் படத்தில் எடுபடும்.

ஒரே மகன் கோபிசன் அவரோடு கதைத்து ஐந்து வருசம். கலியாணக் கார்ட்டில் தகப்பன் பெயருக்கு முன்னால் ‘சங்கத் தலைவர்’ என்று போடாமல், வெறும் இராஜசிங்கம் என்று அச்சடித்துவிட்டான். அவர் கலியாணத்துக்குப் போகவில்லை. அவன் கதையே வீட்டில் எடுக்கக்கூடாது என்று மனைவிக்கு உத்தரவும் போட்டார்.

விழாவுக்கு நாலு நாள் இருக்க, இராசம்மா உத்தரவை மீறினாள்.

“கோபி வாறானாம். பிள்ளையையும் கொண்டு.”

“ஆர் கூப்பிட்டது?”

“உங்கடை அறிவித்தலை நான்தான் அனுப்பினனான். வேண்டாமெண்டால் சொல்லுங்கோ, மறிக்கிறன்.”

“வரட்டும், வரட்டும். சனத்துக்கு முன்னாலை மன்னிச்சால்தான் மன்னிப்புக்கும் ஒரு மரியாதை.”

சொல்லிவிட்டு அறைக்குள் போனவர், கண்ணாடிக்கு முன்னால் நின்று, பேரப்பிள்ளையைத் தூக்குவதுபோல ஒரு தலையணையைத் தூக்கிப் பார்த்தார். இறக்கி வைக்க மனம் வரவில்லை.

அறிவித்தலில், கோட்டை வாசலில் காலை பத்து மணி என்றிருந்தது. பத்தென்று போட்டால்தான் எங்கடை சனம் பன்னிரண்டுக்கு வரும். அது பொய்யில்லை, நிர்வாகம்.

ஆகவே விழா நாளன்று பத்தேகாலுக்குத் தலைவர் வீட்டில் டை கட்டிக்கொண்டு நின்றார். தன் போனின் பற்றரியைப் படங்களுக்காகச் சேமித்துவிட்டு, இராசம்மாவின் போனில் பொருளாளர் யோகராஜாவோடு கதைத்துக்கொண்டிருந்தார். நடுவில் கோபிசனின் பெயர் மின்னியது. தாயைப் பிடித்துச் சமாதானம் பேசப் பார்க்கிறானாக்கும்! நேரிலை வரட்டும் என்று வெட்டிவிட்டார். இன்னும் இரண்டு தரம் மின்னியது. இரண்டு தரமும் வெட்டினார்.

பன்னிரண்டரைக்குக் கோட்டைக்கு முன்னால் நின்று முழங்கினார். “ஐந்நூறு வருசத்துக்கு முந்தி ஒரு பெரும்படை இந்த ஊர் மதிலிலை முட்டித் திரும்பினது! எங்கடை சங்கத்திலையும் எத்தினை பேர் முட்டிச்சினம்!”

“முட்டின ஆக்களெல்லாம் வேறை சங்கம் துவங்கீட்டினம், அண்ணை,” என்றாள் செயலாளர் சுகந்தி. சனம் சிரித்தது. தலைவர் சிரிக்கவில்லை. அவர் கண் வாசலில் கிடந்தது.

பொன்னாடையை விரித்தபடி யோகராஜா நின்றார். “அண்ணை, கை நோகுது. போர்க்கட்டோ, மடிக்கட்டோ?”

“அஞ்சு நிமிசம் பொறும்.”

“பொரிச்ச ரோல்ஸும் ஆறிப்போச்சு.”

ஒன்றேகாலுக்குப் போர்த்தினார்கள். கை தட்டினார்கள். வாசலில் ஒருவரும் இல்லை. ஏரிக்காற்றில் சரிகை படபடத்தது. அதை இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்ற மனிதருக்கு, திடீரென்று எல்லாமே வெறுத்துப்போனது.

இராசம்மா மகனுக்குப் போன் எடுத்தாள். கையில் ரோல்ஸ் தட்டு இருந்தபடியால் ஸ்பீக்கரில் போட்டாள்.

“நாங்கள் வீட்டை வந்திட்டம், அம்மா. பத்துக்கு வந்து நிண்டம். பதினொண்டு மட்டும் ஒரு குஞ்சும் இல்லை. பிள்ளைக்குக் குளிர்.”

“எங்கடை ஆக்களின்ரை பத்து மணி உனக்குத் தெரியாதோடா?”

“அப்பா கையெழுத்துப் போட்டிருந்தார். நம்பீட்டன். மூண்டு தரம் அடிச்சன், நீங்கள் வெட்டிப்போட்டீங்கள்.”

“நான் வெட்டேல்லை, ராசா.” அவள் கணவரைப் பார்த்தாள்.

“விளங்கீற்று. இனி ஒண்டும் அனுப்பாதேங்கோ.”

சங்கம் முழுவதும் ஏரியைப் பார்ப்பதுபோல நின்று காது கொடுத்தது. இராஜசிங்கம் போனைப் பறித்தார். எழுதிப் பாடமாக்கி வைத்திருந்த மன்னிப்புரையில் ஒரு வரிகூட ஞாபகம் வரவில்லை.

“தம்பி, நான் அப்பா. பிள்ளையிட்டை ஒருக்காக் குடு. குரலை மட்டும் கேட்டிட்டு வைக்கிறன்.”



“பேரைச் சொல்லிக் கேளுங்கோ. குடுக்கிறன்.”

அவர் இராசம்மாவைப் பார்த்தார். இராசம்மா ரோல்ஸ் தட்டைச் சுகந்தியிடம் நீட்டினாள்.

பேர் கிடக்கட்டும், பிள்ளை ஆணா பெண்ணா என்பதே தலைவருக்குத் தெரியாது.