நண்டலாற்றில் ஒரு மலை

என் வீட்டுக்காரர் நவநீதன் எதற்கும் நிபந்தனை போடுகிறவர். முதுகில் பையை மாட்டிக்கொண்டு, வாடகை ஸ்கூட்டரில் மலைப்பாதை சுற்ற வேண்டும் என்று கல்யாணமான நாளிலிருந்து நச்சரித்தேன். காரைக்கால் பக்கம் வரிச்சிக்குடியில் வயலும் வரப்புமாக வளர்ந்தவள் நான். மலையைக் காலண்டரில்தான் பார்த்திருக்கிறேன். 2008 பிப்ரவரியில் ஒருவழியாக இறங்கி வந்தார்.

“முதல்ல கடலோரமா போய்ப் பாப்போம். பாண்டிச்சேரியில வண்டி எடுத்து நம்ம வீடு வரைக்கும். நடுவழியில நிக்காம வந்துட்டா ஏப்ரல்ல கொடைக்கானல். நின்னுச்சுன்னா இந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது.”

எனக்கு மலை வேண்டும். சரி என்றேன்.

பாண்டிச்சேரியில் வண்டி வாடகைக்கு விடும் தாவூது பாய் கடையில் ஸ்கூட்டர் எடுத்தோம். இடது பக்கம் கடல் தெரிவதும் சவுக்குத் தோப்புக்குள் மறைவதுமாகக் கூடவே வந்தது. பிச்சாவரத்தில் படகு, பூம்புகாரில் பொரித்த மீன், தரங்கம்பாடியில் கோட்டைச் சுவரோரம் காற்று. மூன்று நாளும் நான் சின்னப் பிள்ளையாகவே இருந்தேன். பெட்ரோல் முள் மட்டும் இறங்கிக்கொண்டே வந்தது.

காரைக்கால் புதுச்சேரியைச் சேர்ந்தது; தமிழ்நாட்டைவிடப் பெட்ரோல் விலை குறைவு. அதனால் எல்லை தாண்டிப் பெட்ரோல் போடுவது எங்கள் ஊர்க்காரர்களுக்கு மானப் பிரச்சினை. மீனுக்கு வெளியூரில் கேட்ட விலையைக் கொடுத்துவிட்டு வருகிற மனிதர், பெட்ரோல் பங்கைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

“ஏங்க, முள்ளு சிவப்புக்கு வந்துடுச்சு. பொறையாறுல ஒரு லிட்டராவது போட்டுக்குவோமே.”

“இந்தா தெரியுது நம்ம ஊரு. அதுக்குள்ள அவன்கிட்ட எதுக்குப் போடணும்?”

பொறையாற்றில் டீ குடிக்க நிறுத்தி, பேப்பரை விரித்துக்கொண்டார். சோப்பு வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டு, பக்கத்து மெக்கானிக் கடையில் காலித் தண்ணீர் பாட்டிலை நீட்டி ஒரு லிட்டர் வாங்கினேன். துண்டில் சுற்றிப் பைக்குள் திணித்தேன். அவர் மானம் அவருக்கு, என் மலை எனக்கு.

நண்டலாற்றுப் பாலம்தான் எல்லை. பாலத்தின் ஏற்றம் தொடங்கும் இடத்தில் வண்டி இரண்டு தரம் இருமிவிட்டு நின்றது. பையைக் கழற்றப் போனேன். அதற்குள் அவர் இறங்கி, பேண்ட்டை மடித்துவிட்டுத் தள்ளவே ஆரம்பித்துவிட்டார்.

“இந்த மேட்டை ஏத்திட்டா போதும் கீர்த்தி. அந்தப் பக்கம் தானா இறங்கிடும். நம்ம பூவத்துல பங்க் இருக்கு. தள்ளு!”

ஆபீஸில் ஃபைலைக்கூட ஆள் வைத்து நகர்த்துகிறவர், வேர்த்து விறுவிறுத்துத் தள்ளினார். அந்த முகத்தைப் பார்த்த பிறகு பாட்டிலை எடுக்க மனசு வரவில்லை. ஒரு லிட்டர் பெட்ரோலை முதுகில் சுமந்துகொண்டு, பெட்ரோல் இல்லாத வண்டியை நானும் பின்னாலிருந்து தள்ளினேன். எங்கள் பக்கத்தில் இதைவிடப் பெரிய மலை கிடையாது.

உச்சிக்கு வந்ததும் இருவரும் ஏறி உட்கார்ந்தோம். சத்தமே இல்லாமல் வண்டி இறங்கியது. காற்று காதை அடைத்தது. “கீர்த்தி, மலையிலயும் இப்படித்தான் இருக்குமோ?” என்று கத்திச் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. எனக்குப் பாழாய்ப்போன நிபந்தனைதான் நினைவுக்கு வந்தது.

வேகம் தீர்ந்த இடத்திலிருந்து பூவம் பங்க் வரை தள்ளிக்கொண்டு போனோம். “ஃபுல் பண்ணுங்க” என்று ஜெயித்தவர் மாதிரி சொன்னார். வேர்வை துடைக்க என் பையைத் திறந்து துண்டை இழுத்தார். கூடவே பாட்டிலும் வந்தது. மூடியைத் திருகி மோந்து பார்த்தார்.

“எங்க வாங்கினே?”

“பொறையாறுல.”

“தள்ளுறப்பயும் இது உன் முதுகுலதான் இருந்துச்சா?”

“ஆமாங்க.”

“ஏன் சொல்லலை?”

“அவ்வளவு ஆசையா தள்ளினீங்களே.”

மூடியை இறுக்கிக்கொண்டே இருந்தார். நான் தரையைப் பார்த்தபடி, “வண்டி நின்னுடுச்சு. இனிமே மலைப் பேச்சை எடுக்கலை” என்றேன். கண் கலங்கிவிட்டது.

“கையில பெட்ரோல் இருக்கறப்ப வண்டி எப்படி நிக்கும்? நான்தான் நிறுத்திட்டேன்.”

நிமிர்ந்து பார்த்தேன். அந்தப் பொறையாற்றுப் பெட்ரோலைத் துண்டில் பத்திரமாகச் சுற்றித் தன் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தார்.

“ஏப்ரலுக்கு ஆகும். கொடைக்கானல்ல நம்ம ஊரு பங்க் இருக்காதுல்ல?”