குதிரை உபசாரம்

குந்தர் ஆல்ட்ரிச் தன் பத்து விரல்களையும் ஒவ்வொன்றாக அந்தச் சின்னக் கருவிக்குள் நுழைத்துப் பார்த்துவிட்டார். ஒரு விரலாவது தன் பக்கம் சாட்சி சொல்லாதா என்ற நப்பாசை. பத்தும் கூடிப் பேசி வைத்ததுபோல ரத்தத்தில் பிராணவாயு அறுபத்தெட்டு என்றே சொல்லின.

"மெஷின் கெட்டுப்போச்சு" என்றார்.

ஷெர்பா வழிகாட்டி அங் கெல்ஜென் கருவியைக் கழற்றி, அடுப்பில் சாண வறட்டி போட்டுக்கொண்டிருந்த விடுதிக்காரி யாங்ஜியின் விரலில் மாட்டினான். எண்பத்தெட்டு.

"மெஷின் நல்லாத்தான் இருக்கு சார்."

"அவங்க இந்த மலையிலயே பொறந்தவங்க. நம்ம ரெண்டு பேர் உடம்பு வேற."

கெல்ஜென் பிறந்த தாமே என்ற மலைக் கிராமம் இந்த லொபுச்சேயிலிருந்து மூன்று நாள் நடைதான். அதைச் சொல்லி என்ன ஆகப்போகிறது? பத்து நாளாக அவன் சொன்ன எதுதான் அந்தக் காதில் ஏறியது? மெதுவாக நடங்கள் என்றான். சுமை தூக்கும் யாக் எருமைகளுக்கு முன்னால் ஓடினார். நிறையத் தண்ணீர் குடியுங்கள் என்றான். மன உறுதியைப் பற்றிப் பேசினார். தன் ஊரில் கம்பெனி மேலாளர்களுக்குத் தலைமைப் பண்பு கற்றுக்கொடுப்பவராம். விமானத்தில் வரும்போது ஷெர்பாக்களைப் பற்றி ஒரு புத்தகம் வேறு படித்துத் தொலைத்திருந்தார். மந்திரம் செதுக்கிய கல்சுவரை வலப்பக்கம் வைத்துத்தான் கடக்க வேண்டும் என்று, பால்குடி மறந்த நாளிலிருந்து அப்படியே கடந்துவரும் கெல்ஜெனுக்குப் பாடம் நடத்தினார். வழியில் நாம்ச்சே ஊரில் ஒரு வீட்டில் வெண்ணெய்த் தேநீர் கொடுத்தபோது, புத்தகத்தில் உள்ளபடி இரண்டு தடவை மறுத்து மூன்றாம் தடவை வாங்கிக்கொண்டு, பரீட்சையில் தேறியவர்போல் சுற்றுமுற்றும் பார்த்தார்.

இப்போது விஷயம் தேநீர் அல்ல. உயரம் ஒத்துக்கொள்ளாமல் ராத்திரி இரண்டு தடவை வாந்தி எடுத்த மனிதர், காலையில் காலணி நாடாவை முடியத் தெரியாமல் தடுமாறினார். மதியத்துக்குமேல் பள்ளத்தாக்கை மேகம் அடைத்துவிடும், ஹெலிகாப்டரும் வராது. அதற்குள் அவரைக் கீழே பாங்போச்சே ஊருக்கு இறக்க வேண்டும். போன வருஷம் இதே விடுதியில் ஒருவர் 'நாளைக்குப் பார்க்கலாம்' என்றார். மறுநாள் அவரைக் கம்பளியில் சுற்றித்தான் இறக்கினார்கள். தூக்கிப் போனவர்களில் கெல்ஜெனும் ஒருவன்.

"கீழ எறங்கணும் சார். இப்பவே."

"கெல்ஜென், பதினஞ்சு வருஷமா நான் ஜனங்களுக்குச் சொல்ற மூணு விஷயம் இருக்கு. முதல் விஷயம், பின்வாங்குறது ஒரு..."

பக்கத்தில் இருந்த வாளியை எடுத்துக் குனிந்தார். நிமிர்ந்து வாயைத் துடைத்துக்கொண்டார்.

"எங்க விட்டேன்?"

"பின்வாங்குறதுல சார். நீங்க நடக்க வேண்டாம். யாங்ஜி அக்கா குதிரை இருக்கு."

"குதிரையா? எனக்கா? வேண்டாம்."

காட்மண்டுவில் வழிகாட்டிகளுக்கான பயிற்சி வகுப்பில் தெளிவாகச் சொல்லியிருந்தார்கள்: வெளிநாட்டுக்காரர் வேண்டாம் என்றால் வேண்டாம்தான், திரும்பக் கேட்டால் புகார் எழுதிவிடுவார். ஆபத்துக்குப் பாவமில்லை என்று கெல்ஜென் இன்னொரு தடவை கேட்டான்.

"குதிரையில போங்க சார். இதுல வெக்கப்பட ஒண்ணுமில்ல."

"இருக்கட்டும் கெல்ஜென்." நெஞ்சில் கை வைத்து லேசாகத் தலை குனிந்தார்.

கெல்ஜென் அடுப்படிக்குள் வந்து தொப்பியைக் கழற்றி விட்டெறிந்தான்.

"கழுதைக்கு வைத்தியம் பார்த்தாலும் உதையோட முடிஞ்சிரும் அக்கா. இந்த ஆளு பிரசங்கமும் பண்றான்."

யாங்ஜி கதவிடுக்கு வழியாக எட்டிப் பார்த்தாள். "குதிரை வேண்டாம்னவன் எதுக்குடா கையுறை மாட்டிக்கிட்டு, மூட்டையக் கட்டி மடியில வச்சிருக்கான்?"

கெல்ஜெனும் பார்த்தான். கழுத்துத் துணிகூடச் சுற்றியாயிற்று. கண் மட்டும் வாசலில் நின்ற குதிரைமேல்.

"எத்தன தடவ கேட்ட?"

"ரெண்டு."

"உங்க வீட்டுல விருந்தாளிய ரெண்டு தடவயோட விட்டுருவீங்களா?"

"அந்த ஆளு என்ன ஷெர்பாவா அக்கா?"

"பொஸ்தகம் படிச்சிருக்கான்ல? நீதான் வெளிநாட்டுக்காரங்களோட சுத்திச் சுத்தி மறந்துட்ட. போ, போய்க் கேளு. வளர்த்த முறைய விடாத."

கெல்ஜென் பல்லைக் கடித்துக்கொண்டு போனான். மாமியார் வீட்டில் கள் கிண்ணத்தை நீட்டுவதுபோல இரண்டு கைகளையும் குதிரைப் பக்கம் ஏந்தி நின்றான்.

"ஷே, ஷே, ஏத்துக்குங்க சார். எங்க மனசுக்காக."

"நீ இவ்வளவு தூரம் வற்புறுத்தும்போது..." என்று பெருமூச்சு விட்டார் குந்தர். கெல்ஜென் பிடித்துக்கொள்வதற்குள் ஒரு கால் அங்கவடியில் ஏறிவிட்டது.

"ஒரு மணி நேரம் போச்சு" என்றாள் யாங்ஜி, பொதுவாக, குதிரையிடம்.

வழியில் துக்லா மேட்டில், மலையில் உயிர்விட்டவர்களுக்காக எழுப்பிய கல்குவியல்கள் வரிசையாக வந்தன. குந்தர் எல்லாவற்றையும் பார்த்தார். எதுவும் சொல்லவில்லை. பத்து நாளில் கெல்ஜெனுக்குக் கிடைத்த ஒரே அமைதி அது. கடிவாளத்தை இறுகப் பிடித்துக்கொண்டு வேகமாக இறங்கினான். மேகம் பின்னாலேயே வந்தது.

பாங்போச்சேவில் விரல்கள் எண்பத்து மூன்று என்றன. தலைவலி போயிற்று, பேச்சு வந்துவிட்டது. கெல்ஜென் குதிரைக்குத் தீனி வைத்துவிட்டு விடுதிக்குள் வந்தபோது, அடுப்பைச் சுற்றி உட்கார்ந்திருந்த இரண்டு பயணிக் கூட்டமும் அவனையே பரிதாபமாகப் பார்த்தன.

"அவன் முகத்தப் பார்த்தேன்" என்று குந்தர் சொல்லிக்கொண்டிருந்தார். "பாவம், முடியல அவனுக்கு. வாய்விட்டுச் சொல்ல மாட்டான், அது அவங்க பண்பாடு. சிகரத்தவிட மனுஷன் பெரிசுன்னு எறங்கிட்டேன்."

விடுதிக்காரி டிக்கி பெரிய கிண்ணம் நிறையப் பூண்டு சூப்போடு வந்தாள். "உனக்கு முடியலையாமே தம்பி. குடி."

"எனக்கு ஒண்ணுமில்ல அக்கா. வேண்டாம்."

"ஷே, ஷே."

"நெசமாவே வேண்டாம்."

அவள் சிரித்தபடி கிண்ணத்தை மூன்றாம் தடவை நீட்டினாள். நெசமாகவே வேண்டாம் என்று சொல்ல ஷெர்பாக்களிடம் ஒரு வழியும் இல்லை என்பது கெல்ஜெனுக்கு அன்றுதான் உறைத்தது. வாங்கிக்கொண்டான். எதிர்ப்பக்கத்திலிருந்து குந்தர், குடி குடி என்று தலையசைத்தார்.

சூப் நன்றாக வேறு இருந்தது.