பூஜைக்கு நிறுத்திய கோடு

எங்கள் உச்சிமாகாளி சாருக்குக் கம்ப்யூட்டர் என்றாலே இளக்காரம். "கம்ப்யூட்டர்ல போடுறதெல்லாம் பிசிக்ஸே இல்லம்மா, கணக்குப்பிள்ளை வேலை. தாளும் பேனாவும் வச்சு யோசிக்கணும்" என்று வகுப்புக்கு வகுப்பு சொல்வார். அவர் பெயரில் வந்திருக்கும் கட்டுரைகள் அத்தனையும் கம்ப்யூட்டரில் போட்டவை. போட்டது நாங்கள், அவரிடம் பிஎச்.டி. செய்ய வந்து மாட்டிக்கொண்ட பிள்ளைகள். யோசித்தது அவராம்.

என் ஆராய்ச்சி இரும்பும் உப்புத் தண்ணீரும். இரும்பின் மேல் ஒரு பூச்சைப் பூசினால் அது துருவைத் தடுக்குமா என்று கம்ப்யூட்டரில் அணு அணுவாக ஓட்டிப் பார்ப்பது. கடலை ஒட்டிய ராயபுரத்தில் பிறந்தவளுக்கு இதைவிடப் பொருத்தமான தலைப்பு கிடைக்காது. எங்கள் வீட்டு ஜன்னல் கம்பி தொட்டால் கையோடு வருகிறது. திரையில் கோடு தட்டையாகப் போனால் பூச்சு தாங்குகிறது, சரிந்தால் உரிகிறது. அவ்வளவுதான் விஷயம். முடிவு வந்தால் கட்டுரை, கட்டுரை வந்தால்தான் தீசிஸ் கொடுக்க விடுவார்கள்.

ஆடியில் ஓடத் தொடங்கிய ப்ரோகிராம் புரட்டாசியிலும் ஓடிக்கொண்டிருந்தது. நடுவில் நின்றால் அதுவரை வந்த கோடு மட்டும் மிஞ்சும். விட்ட இடத்திலிருந்து தொடர முடியாது, மறுபடி முதலிலிருந்துதான். பாதியில் சேமித்துவைக்க நாலு வரி சேர்த்தால் போதும் என்று சாரிடம் கெஞ்சினேன். "ஜெர்மனியில உக்காந்து நான் எழுதின ப்ரோகிராம். அதுல கை வைக்காதே" என்று சொல்லிவிட்டார்.

ஆயுத பூஜை வந்தது. கம்ப்யூட்டர்கள் ஓடும் மெஷின் ரூமைத் துடைத்ததும் பொரிகடலை வாங்கி வந்ததும் நான்தான். துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் என் அப்பா இன்னாசி, மாதா கோயிலில் ஞாயிறு பூசையைத் தவறவிடாதவர், வருஷா வருஷம் தன் கிரேனுக்கு மாலை போடுவார். எனக்கு இதெல்லாம் புதிதில்லை. என் மெஷினில் மட்டும் 'ஓடிக்கொண்டிருக்கிறது, அணைக்க வேண்டாம்' என்று பெரிதாக எழுதி ஒட்டிவிட்டு வீட்டுக்குப் போனேன். லீவு முடிந்து வந்து பார்த்தால் ரூமில் ஒரு சத்தமில்லை. எல்லா மெஷின்களும் அணைந்து கிடந்தன. நான் ஒட்டிய தாளின் நடுவில் சந்தனம் தடவி, அதன்மேல் குங்குமம் வைத்திருந்தார்கள்.

நேராக சாரிடம் போனேன்.

"ஆயுதத்துக்கு ஒரு நாள் ஓய்வு கொடுக்கணும்மா. ஓடுற மெஷினுக்கா பூஜை பண்ணுவாங்க?" என்றார்.

"எங்கப்பாவும் கிரேனுக்குப் பூஜை போடுவார் சார். சரக்கு தொங்கும்போது போடமாட்டார். இறக்கி வச்சிட்டுத்தான் போடுவார்."

"உங்க ஆளுங்களுக்கு இது புரியாது ஷைனி." கோபமே இல்லாமல், பாவம் பார்ப்பவர் மாதிரி சொன்னார். செருப்பால் அடித்தது போல இருந்தது. பொரிகடலை வாங்க அனுப்பும்போது நான் எந்த ஆள் என்று யாரும் கேட்கவில்லை.

அதுவரை வந்த கோட்டை வாங்கிப் பார்த்தார். "தட்டையாத்தானே போகுது? மிச்சத்தையும் அப்படியே நீட்டிப் போட்டுடு. பிசிக்ஸ் தெரிஞ்சவனுக்குக் கோடு எங்க போகும்னு ஓட்டிப் பாத்துதான் தெரியணுமா?"

வீட்டில் சொன்னேன். "நீட்டிப் போட்டா இன்னா இப்போ?" என்றார் அப்பா. "அவுரே சொல்றாருல்ல. கையெழுத்த வாங்கிகினு வெளிய வா கண்ணு. சும்மா பேஜார் பண்ணிக்காத." அம்மா பிலோமி ஏற்கெனவே கோயிலில் எல்லோரிடமும் என்னை டாக்டர் ஆக்கி வைத்திருந்தாள். "நீ ஒருத்தி யோக்கியமா இருந்து இன்னா கிழிக்கப் போற?" என்று கேட்டாள்.

அந்த வாரமே, சாருக்குத் தெரியாமல் அந்த நாலு வரியைச் சேர்த்து மறுபடி முதலிலிருந்து ஓட்டினேன். எங்கள் தெருவில் கிறிஸ்துமஸ் நட்சத்திரங்கள் தொங்க ஆரம்பித்தபோது கோடு பழைய இடத்தைத் தாண்டியது. தாண்டிய கொஞ்ச தூரத்திலேயே சரிந்தது, சரிந்து அடியைத் தொட்டது. பூச்சு உரிந்துவிட்டது. ஆனாலும் எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. தோற்றுப்போன பூச்சென்றாலும் அது நிஜமான முடிவு, கட்டுரையாக எழுதலாம்.

ஓடிப்போய் சாரின் அறைக்குள் நுழைந்தால், அங்கே கம்ப்யூட்டர் முன்னால் என் ஜூனியர் பிராங்கிளின் உட்கார்ந்திருந்தான். திரையில் என் கட்டுரை. கோட்டை அவன் நீட்டியிருந்தான், அழகாக, தட்டையாக. சார் பெயர், அவன் பெயர், மூன்றாவதாக என் பெயர்.

நான் கொண்டுவந்த படத்தை சாரிடம் காட்டினேன்.

"ப்ரோகிராம்ல கை வச்சியா?"

"சேமிக்கிறதுக்கு நாலு வரி சார். கணக்கைத் தொடவே இல்ல."

"அதான் தப்பா வந்திருக்கு" என்றார். பிராங்கிளின் தரையைப் பார்த்தான்.

"அப்ப என் பேர் இதுல வேண்டாம் சார்."

சொல்லிவிட்டேன். பெயர் போனால் கட்டுரை போச்சு, தீசிஸ் போச்சு, அம்மா ஊரெல்லாம் சொல்லிவைத்த டாக்டரும் போச்சு. யோசித்துச் சொல்லம்மா என்பார் என்று எனக்கு ஒரு நப்பாசை இருந்தது.

சார் பிராங்கிளினை எழுந்திருக்கச் சொல்லிவிட்டு அவன் நாற்காலியில் உட்கார்ந்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஒற்றை விரலால் தேடித் தேடித் தட்டி, என் பெயரை எழுத்தெழுத்தாக அழித்தார். அழித்ததை மறக்காமல் சேமித்தும் வைத்தார். இத்தனை வருஷத்தில் அவர் தன் கையால் கம்ப்யூட்டரில் ஒரு வேலை செய்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.