திரும்பி வராத மெழுகு

மாதா கோவில் திருவிழாவுக்குக் கொடி ஏறி ஆறு நாள் ஆகியிருந்தது. கோவிலுக்குப் பக்கத்துத் தெருவில் டொமினிக்கின் மெழுகுக் கடை. கால் வலிக்காரர்கள் மெழுகுக் கால் வாங்கி மாதாவுக்கு வைப்பார்கள். கை வலித்தால் கை. வைத்த மெழுகெல்லாம் மறுநாளே கூடையில் ஏறி, உருக்குவதற்காகக் கடைக்குத் திரும்பிவிடும். டொமினிக்கின் மனைவி சரளா ஒவ்வொன்றின் அடியிலும் நகக்குறி போட்டிருப்பாள்.

“அந்த ஒக்கலிபுரத்து சார் வாங்கினது ஒண்ணுகூட திரும்பி வரலைங்க,” என்றாள். “ரெண்டு கை, ரெண்டு கால், கழுத்து. எல்லாம் ஆளளவு.”

“கோவில்ல எங்கியாவது கிடக்கும். உனக்கு இன்னா?”

அன்று அந்த ஒக்கலிபுரத்து சார் வைத்தீஸ்வரன் வந்து கேட்டது முகம்.

“என் ஆத்துக்காரி முகம். அப்படியே வேணும்.”

“அவங்களுக்குத் தலைவலிங்களா சார்?”

“அவளுக்கு ஒண்ணுமில்லை.”

அளவு பார்க்கிறேன் என்று சரளா அவருடனே வீட்டுக்குப் போனாள்.

கூடத்து நாற்காலியில் அரக்குப் பட்டில் ஓர் உருவம் உட்கார்ந்திருந்தது. கழுத்துக்கு மேல் துணிப்பந்து. மடியில் கிடந்த கைகள் தன் கடைக் கைகள் என்று சரளாவுக்குப் பார்த்ததுமே தெரிந்தது. உள்ளேயிருந்து காபி கொண்டுவந்தவளின் கையிலோ கழுத்திலோ ஒரு குன்றிமணி நகைகூட இல்லை, மூக்குத்தி மட்டும்.

“மெதுவா வை, ஜகதா. அவளுக்குச் சத்தம் ஆகாது,” என்றார் வைத்தீஸ்வரன், நாற்காலியைப் பார்த்துக்கொண்டே.

அவர் கை கழுவப் போனதும் ஜகதாம்பாள் சரளாவின் மணிக்கட்டைப் பிடித்தாள்.

“முகம் பண்ணாதீங்கோ. கை வந்தன்னிக்கு என் வளையலைக் கழட்டி அதுக்குப் போட்டார். கால் வந்தது, மெட்டி போச்சு. கழுத்து வந்தது, தாலி போச்சு. முகமும் வந்துட்டா நான் எதுக்கு?”

“எங்கியாவது போயிடக் கூடாதாம்மா?”

“சேலத்துல அக்கா இருக்கா. நான் வாசல் தாண்டி ஒரு வருஷம் ஆச்சு.”

காலடிச் சத்தம் கேட்டது. சரளா குரலை உயர்த்தினாள்.

“அச்சு கடையிலதான் எடுக்கணும் சார். அம்மா வரணும்.”

“இவளைத் தனியா விட்டுட்டா?”

“பூட்டிக்கிட்டு வாங்க சார்.”

மறுநாள் காலை ஜகதாம்பாள் கடைப் பெஞ்சில் மல்லாந்து படுத்தாள். வைத்தீஸ்வரன் அவள் மூக்குத்தியைக் கழற்றித் தன் பையில் போட்டுக்கொண்டார். சரளா பப்பாளித் தண்டை இரண்டாக ஒடித்தாள்.

“அது எதுக்கு?”

“மூக்குல வெக்க சார். மூச்சு விடணும் இல்ல?”

“மூக்கு வடிவம் கெட்டுடும். வேண்டாம்.”

“மாவு இறுக அரை மணி ஆவும் சார்.”

“அடக்கிப்பா. நான் சொன்னாக் கேப்பா.”

டொமினிக் பிளாஸ்டர் கலக்குவதை நிறுத்திவிட்டு மனைவியைப் பார்த்தான். பெஞ்சில் கிடந்தவளின் கால்விரல்கள் உள்ளே மடங்கின.

“சார்,” என்றாள் சரளா, “அங்கே அவங்க எத்தனை நேரம் தனியா இருப்பாங்க? வெயிலும் ஏறுது. நீங்க போய் ஜன்னலைச் சாத்துங்க. சாயங்காலம் முகம் தயாரா இருக்கும்.”

வெயில் என்றதும் வைத்தீஸ்வரன் குடையைத் தேடினார். தெருமுனை திரும்பும்போது ஏறக்குறைய ஓடிக்கொண்டிருந்தார்.

“எழுந்திருங்கம்மா. கன்டோன்மென்ட் ஸ்டேஷன் பக்கம்தான். இவர் வந்து வண்டி ஏத்தி விடுவார்.”

ஜகதாம்பாள் எழுந்திருக்கவில்லை. “மூக்குல தண்டை வைங்கோ.”

“முகம் வேணாம்னு நீங்கதானேம்மா சொன்னீங்க?”

“முகம் கிடைக்கலேன்னா என்னைத் தேடிண்டு வருவார். கிடைச்சுட்டா வரமாட்டார்.”

அரை மணி நேரமும் சரளா தண்டின் நுனியில் விரலை நீட்டி, மூச்சு வருகிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தாள்.

மத்தியானமே ஜகதாம்பாளைச் சேலம் வண்டியில் ஏற்றிவிட்டு டொமினிக் திரும்பியிருந்தான். சாயங்காலம் வைத்தீஸ்வரன் வந்தார். மெழுகு முகத்தை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்து, பையிலிருந்து மூக்குத்தியை எடுத்துக் குத்தினார். டொமினிக் துணியில் சுற்றிக் கொடுத்தான். அவர் படி இறங்கப் போனார்.

சரளாவால் பொறுக்க முடியவில்லை. “அம்மா எங்கேன்னு கேக்கலையே சார்?”

பொட்டலத்தை மார்போடு அணைத்தபடி அவர் நின்றார்.

“எந்த அம்மா?” என்றார்.