முந்நூறு மூட்டை மணல்

போர் உறுதியானதும் அருங்காட்சியகத்துச் சின்னப் பொருட்களெல்லாம் பெட்டிகளில் ஏறி மலைப்பக்கம் போய்விட்டன. முற்றத்து மணற்கல் சிலை மட்டும் போகவில்லை. பதினோரு டன்.

"மூட்டை அடுக்கி மூடிடுவோம்" என்றார் இயக்குநர். இரண்டே நாளில் முந்நூறு மணல் மூட்டைகள் வந்திறங்கின.

முப்பது வருடமாக அந்தச் சிலையைத் துடைத்துவரும் காவலாளி அதை 'மூத்தவ' என்பார். கடைசி மூட்டையை வைக்குமுன் அவள் மூக்கிலிருந்த தூசியைத் துண்டால் தட்டிவிட்டார்.

நான் ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன். கிழிந்த மூட்டையிலிருந்து சிந்திய மணலில் சிப்பி ஒன்று கிடந்தது. ஒரு பிடி மணலை நீரில் கலக்கி, வடிகட்டி, இரண்டு சொட்டு சில்வர் நைட்ரேட் விட்டேன். பாலாக வெளுத்தது. உப்பு. மழை பெய்தால் கல்லுக்குள் இறங்கும். காயும்போது படிகமாகி, உள்ளிருந்தே கல்லை உரிக்கும்.

சோதனைக்குழாயோடு இயக்குநர் அறை வாசலில் பத்து நிமிடம் நின்றேன்.

"என்னம்மா?"

"கடல் மணல் சார். உப்பு. கல்லு உரிஞ்சிடும்."

"குண்டு விழுந்தா?"

"உடைஞ்சிடும் சார்."

"அப்ப எது தேவலை?"

"ஆத்து மணல்..." என்று நான் ஆரம்பித்தபோது தொலைபேசி அடித்தது. அவர் கையசைத்தார். வந்துவிட்டேன்.

காவலாளியிடம் சொன்னேன்.

"உப்புல போட்டா எதுவும் கெடாதேம்மா."

"இது கெடும் அண்ணே. நனையாம இருந்தா தப்பிக்கும்."

மறுநாள் தன் வீட்டுக் கூரையில் கிடந்த தார்ப்பாயைக் கொண்டுவந்து போர்த்தினார். நீல நிறம் விமானத்திலிருந்து பளிச்சென்று தெரியும் என்று பாதுகாப்பு அதிகாரி அதைக் கழற்ற வைத்தார்.

இரண்டு மழைக்காலம் போனது. எங்கள் நகரத்தில் ஒரு குண்டும் விழவில்லை. சமாதானம் வந்து மூட்டைகளைப் பிரித்தபோது, மேல் மூட்டையோடு மூத்தவளின் மூக்கும் ஒரு கன்னமும் பொலபொலவென்று வந்தன.

"நாளைக்குப் பத்திரிகைக்காரங்க வராங்க. 'போரில் சேதமடைந்தது'ன்னு ஒரு பலகை எழுதிடும்மா" என்றார் இயக்குநர்.

"குண்டே விழலையே சார்."

"போர் நடந்துச்சா இல்லையா?"

எழுதினேன். இப்போது முன்பைவிடக் கூட்டம் அதிகம்.

"எந்த விமானம் போட்டதுன்னு கேக்கறாங்கம்மா. நான் என்னத்தைச் சொல்ல?" என்றார் காவலாளி. துண்டு தோளிலேயே இருந்தது. துடைத்தால் இன்னும் உதிரும் என்று நான்தான் சொல்லி வைத்திருந்தேன்.