பஸ்ஸில் ஓர் ஆள் கூடுதல்

இனாஸ் மறுபடியும் எண்ணிப் பார்த்தாள். மறுபடியும் ஓர் ஆள் கூடுதலாகவே வந்தது.

பஸ் சக்காரா கல்லறைகளின் வாசலைத் தாண்டி, பேரீச்சந்தோப்புகளுக்கு நடுவே கால்வாய்க் கரைச் சாலையில் ஊர்ந்துகொண்டிருந்தது. முன்னால் புல்லுக்கட்டு ஏற்றிய கழுதை வண்டி ஒன்று வழிவிடாமல் போய்க்கொண்டிருந்தது. அலெக்சாந்திரியா துறைமுகத்தில் கப்பலிலிருந்து இறங்குகிற இத்தாலியர்களை விடியற்காலையில் ஏற்றிக்கொண்டு வந்து, கல்லறைகளையும் பிரமிடுகளையும் காட்டி, இருட்டுவதற்குள் திரும்பக் கப்பலில் சேர்ப்பதுதான் கல்லூரி முடித்ததிலிருந்து அவள் பார்க்கிற வேலை. இத்தனை வருஷத்தில் தலை குறைந்திருக்கிறது. யாராவது கழிவறையில் இருப்பார்கள், இல்லாவிட்டால் ஒட்டகக்காரனிடம் பேரம் பேசிக்கொண்டிருப்பார்கள். தலை கூடியது இதுவரை இல்லை.

"என்ன டாக்டரம்மா, முகம் இப்படி வெளுத்துப்போச்சு?" என்றார் டிரைவர் ரிஃபாத், கண்ணாடி வழியாக அவளைப் பார்த்து. அவள் டாக்டரும் இல்லை, ஒன்றும் இல்லை. அதிகம் படித்தவள் என்று கிண்டல் செய்ய அவர் வைத்த பெயர் அது.

"ஒரு ஆள் கூடுது, உஸ்தா." டிரைவர்களை அங்கே மரியாதையாக அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

"கூடினா நல்லதுதானே? குறைஞ்சாத்தான் நாம ஓடணும். உள்ளே கிடந்த ராஜா யாராவது எழுந்து வந்து ஏறிட்டிருப்பாரு. பாவம், அத்தனை காலம் ஒரே பக்கமாப் படுத்துக் கிடந்தா முதுகு வலிக்காதா?"

"விளையாடாதீங்க உஸ்தா. இருங்க, பாத்துட்டு வர்றேன்."

அவள் இருக்கைகளுக்கு நடுவே மெல்ல நடந்தாள். இன்று துறைமுகத்தில் இரண்டு கப்பல்கள் நின்றன, இரண்டும் இத்தாலியிலிருந்து வந்தவை. அவளுடைய ஆட்கள் சட்டையில் நீல வட்டம் ஒட்டியிருந்தார்கள். நீலம், நீலம், நீலம். எல்லோரையும் பார்த்துச் சிரித்துக்கொண்டே பின்வரிசைக்கு வந்தாள். அங்கே வெள்ளைத் தொப்பி போட்ட ஓர் அம்மாள், எழுபதைத் தாண்டியவர், கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே எருமைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சின்யோரா, அந்தப் பையைக் கொஞ்சம் எடுங்களேன்."

அந்தம்மாள் பையை எடுத்தார். ஆரஞ்சு வட்டம்.

அந்த முகம் இனாஸுக்கு அப்போதுதான் அடையாளம் தெரிந்தது. சக்காராவில் மெரெருகாவின் கல்லறை வாசலில் தன் கூட்டத்தை உள்ளே அனுப்பிக்கொண்டிருந்தபோது, இந்த அம்மாள் தனியாக ஒரு கல்லின் மேல் உட்கார்ந்திருந்தார். நம்மவர்தான், முழங்கால் வலி போலிருக்கிறது என்று நினைத்து, சட்டையைக்கூடப் பார்க்காமல், "வாங்க சின்யோரா, மெதுவாப் போகலாம், நான் பிடிச்சுக்கறேன்" என்று கையைக் கொடுத்தது அவளேதான். ஒவ்வோர் அறையிலும் அந்தக் கை அவள் கையில் இருந்தது. கழுதைப்புலியை மல்லாக்கத் தள்ளி, வாயில் தீனியைத் திணிக்கிற சிற்பத்தைப் பார்த்து அந்தம்மாள் குலுங்கிக் குலுங்கிச் சிரித்ததும் நினைவுக்கு வந்தது.

"உங்க பஸ் இது இல்லையே, சின்யோரா!"

"தெரியும்."

"ஏறும்போதே தெரியுமா?"

"ஏன் தெரியாம? கண்ணு நல்லாத்தான் இருக்கு. முட்டிதான் சரியில்லை." அந்தம்மாள் பையை மறுபடியும் அணைத்துக்கொண்டார். பெயர் ஓர்னெல்லா என்றார். "என் தங்கச்சி லூச்சியானா இருக்காளே, அவ சொன்னா, 'இவளால குனிஞ்சு இறங்க முடியாது, இங்கேயே உட்காரட்டும்'னு. எங்க கைடும் சரின்னுட்டு எல்லாரையும் கூட்டிட்டு பிரமிடுக்குள்ள இறங்கிட்டான். உன்னால முடியுமான்னு என்னை ஒருத்தர்கூடக் கேக்கலை. நீ வந்தே, வாங்கன்னே. வந்தேன். இனிமே அந்த பஸ்ல நான் ஏறறதா இல்லை. அவ கொஞ்சம் தேடட்டும்."

"ஐயோ, அவங்களுக்கு உயிரே போயிருக்குமே!"

"கொஞ்சம் போகட்டும்."

இனாஸ் நெற்றியில் கைவைத்துக்கொண்டாள். "உங்க கைடு எப்படி இருப்பாரு? பேரு என்ன?"

"பேரெல்லாம் யாருக்கு நினைவிருக்கு? ஒல்லியா, உயரமா, கண்ணாடி போட்டிருப்பான். வாயை மூடவே மாட்டான். கம்பு நுனியில ஒரு பிளாஸ்டிக் சூரியகாந்திப் பூவைக் கட்டித் தூக்கிட்டுப் போவான்."

பஸ் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. இனாஸ் பக்கத்து இருக்கையைப் பிடித்துக்கொண்டாள். அந்தச் சூரியகாந்தியை மன்ஷிய்யா கடைத்தெருவில் வாங்கியதே அவள்தான். அந்த ஒல்லி மனிதன் ஹாஸெம். இரண்டு வருஷத்துக்கு முன்புவரை அவளுடைய கணவன்.

அவர்கள் பிரிந்ததற்குச் சொல்லிக்கொள்கிற மாதிரி ஒரு பெரிய காரணமும் கிடையாது. இரண்டு பேரும் பகலெல்லாம் பேசியே பிழைக்கிறவர்கள். வீட்டுக்கு வந்தும் இரண்டு பேருமே விட்டுக்கொடுக்காமல் பேசினார்கள். பிரிந்த பிறகும் போனில் சண்டை ஓயவில்லை. ஒரு ரமலான் மாலை, நோன்பு திறக்கிற நேரத்தில் அவன் கத்திய கத்தலில் அவன் எண் வராதபடி தடுத்துவைத்தவள்தான், பிறகு திறக்கவேயில்லை. அதற்கப்புறம் எல்லாம் மகள் லூஜைன் வழியாகத்தான். "அம்மாகிட்ட சொல்லு, வெள்ளிக்கிழமை நான் வர முடியாது." "உங்கப்பாகிட்ட சொல்லு, அவரு என்னைக்குத்தான் வந்தாருன்னு." லூஜைன் வசவையெல்லாம் நடுவழியிலேயே உதிர்த்துவிட்டு, மிச்சத்தை மட்டும் சேர்ப்பாள். பத்தாம் வகுப்புப் படிக்கிற பிள்ளைக்கு அது வேண்டாத உத்தியோகம்.

முன்னிருக்கைக்கு வந்து இனாஸ் மகளுக்குத்தான் முதலில் போன் செய்தாள். பள்ளி நேரம், அணைத்து வைத்திருந்தாள். இன்னொரு தரம் அடித்துப் பார்த்தாள். பயனில்லை.

விஷயத்தைக் கேட்ட ரிஃபாத் ஸ்டீயரிங்கைத் தட்டிச் சிரித்தார்.

"ஹாஸெம் சாரோட ஆளா? அட! டாக்டரம்மா, பழம் நழுவி உங்க மடியில விழுந்திருக்கு. அவங்க ஆபீசுக்கு ஒரு போன் போடுங்க. 'உங்க கைடு தொலைச்ச அம்மா எங்கிட்ட பத்திரமா இருக்காங்க'ன்னு சொல்லுங்க. அவ்வளவுதான், மிச்சத்தை அவங்க பாத்துக்குவாங்க. ரெண்டு வருஷமா எங்கிட்ட அந்த மனுஷனைத் திட்டித் தீர்த்தீங்களே!"

அந்த ஆபீஸ் எண் அவளிடம் இருந்தது. போன் செய்தால் என்ன நடக்கும் என்பதும் தெரியும். போன மாதம் அவனுடைய பஸ் கப்பலுக்குத் தாமதமாகப் போய், அவனை ஒரு வாரம் வீட்டில் உட்காரவைத்தார்கள். அது லூஜைன் சொன்னது. இந்த முறை பயணியையே தொலைத்தான் என்று தெரிந்தால் வீட்டிலேயே இருந்துவிட வேண்டியதுதான். அந்தம்மாளை எழுப்பிக் கூட்டிக்கொண்டு போனது யார் என்று அங்கே ஒருவரும் கேட்கமாட்டார்கள். அவளாகச் சொன்னால்தான் உண்டு.

போனைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா இருந்தாள். கழுதை வண்டி ஒருவழியாக ஒதுங்கியது. பிறகு அவள் பழைய எண்ணைத் தேடி, தடையை எடுத்து, அழுத்தினாள்.

மணி ஒருமுறை முழுதாக அடிப்பதற்குள் எடுத்துவிட்டான்.

"இனாஸ், எதுவா இருந்தாலும் இப்ப வேணாம்!" அவன் குரல் கரகரத்துப் போயிருந்தது, மூச்சு வாங்கியது. "உன் கால்ல வேணா விழறேன், சண்டையை ராத்திரி போட்டுக்கலாம். நான் ஒரு கிழவியைத் தொலைச்சுட்டு நிக்கறேன். ஒவ்வொரு கல்லறையா நுழைஞ்சு பாத்தாச்சு. அவங்க தங்கச்சி என் சட்டையைப் பிடிச்சு உலுக்கறாங்க. ஆறு மணிக்குக் கப்பல் கிளம்புது, மிச்ச ஜனமெல்லாம் இன்னும் கிஸா பிரமிடு பாக்கலை, அவங்களே என்னைக் கொன்னுடுவாங்க..."

"வெள்ளைத் தொப்பியா?"

"ஆமா! உனக்கெப்படித் தெரியும்?"

"பேரு ஓர்னெல்லா. என் பஸ்ல, கடைசி வரிசையில உட்கார்ந்து எருமை பாத்துட்டிருக்காங்க. ஒரு கீறல்கூட இல்லை."

பொத்தென்று ஏதோ சத்தம் கேட்டது. அவன் மணலிலேயே உட்கார்ந்துவிட்டான் என்று பிறகுதான் தெரிந்தது.

"ஹாஸெம்? இருக்கியா? போலீஸ்கிட்ட சொல்லிட்டியா?"

"ஐயோ!" என்று அலறினான். "இப்பதான் போலீஸ் கேப்டன் பேனாவை எடுக்கறாரு!"

"எழுத வேணாம்னு சொல்லு, ஓடு!"

போனைக் கையில் பிடித்தபடியே அவன் ஓடுவதும், "கேப்டன்! கேப்டன்! கிடைச்சுட்டாங்க, எழுதாதீங்க!" என்று கூவுவதும், யாரோ அலுத்துக்கொண்டு எதையோ சொல்வதும், ஹாஸெம் இறைவனுக்கு நன்றி சொல்லிச் சொல்லி மூச்சுத் திணறுவதும் வரிசையாகக் கேட்டன. பிறகு ஒரு பெண்குரல் போனைப் பிடுங்கியது. இனாஸ் எழுந்து போய் ஓர்னெல்லாவிடம் போனைக் கொடுத்தாள்.

அக்காவும் தங்கையும் பேசியது பஸ் முழுவதற்கும் கேட்டது.

"செத்துட்டேன்னு நினைச்சியா? இல்லை. நல்லாயிருக்கேன்... கத்தாதே லூச்சியானா, காது வலிக்குது... நீ அங்கே உள்ளே இறங்கி என்ன பாத்தே? சுவத்துல எழுத்தா? உனக்குப் படிக்கத் தெரியுமா அது? நான் கழுதைப்புலிக்குத் தீனி ஊட்டறதைப் பாத்தேன்!"

முன்னால் இருந்தவர்களெல்லாம் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். ஒருவர் கைதட்டினார்.

இரண்டு கூட்டத்துக்கும் மதியச் சாப்பாடு அதே சாலையில்தான், கால்வாய் ஓரத்து உணவகத்தில். இனாஸின் ஆட்கள் சாப்பிட உட்கார்ந்து, பொரித்த கத்திரிக்காயும் கோழியும் வந்துகொண்டிருந்தபோது ஹாஸெமின் பஸ் உள்ளே நுழைந்தது. கதவு முழுதாகத் திறக்கும் முன்பே லூச்சியானா இறங்கினார். குள்ளமான, பருத்த அம்மாள். கையை ஓங்கிக்கொண்டு வந்தார். கிட்டே வந்ததும் ஓங்கிய கை அக்காவின் தோளில் விழுந்தது, அப்படியே அழ ஆரம்பித்துவிட்டார். ஓர்னெல்லா தங்கையின் முதுகைத் தட்டிக்கொடுத்தார். தட்டிக்கொடுத்துக்கொண்டே, "திரும்பிப் போகும்போது ஜன்னல் சீட் எனக்கு" என்றார்.

ஹாஸெம் நேராக ஓர்னெல்லாவின் முன்னால் வந்து நின்றான். சட்டையெல்லாம் மணல், மேல் பொத்தான் ஒன்றைக் காணவில்லை.

"சின்யோரா, நான் உங்களைக் கேட்டிருக்கணும்."

"ஆமா, கேட்டிருக்கணும்."

"கிஸாவிலே நீங்க சொல்ற வேகத்துலதான் நடப்போம்."

"அதை அங்கே போய்ப் பாக்கலாம்" என்று அந்தம்மாள் தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டு சாப்பாட்டு மேசைக்குப் போனார்.

ரொட்டி சுடுகிற பெண்கள் உட்கார்ந்திருந்த அடுப்புக்குப் பக்கத்தில் இனாஸும் ஹாஸெமும் நின்றார்கள். இந்த நிமிஷத்தை அவள் எத்தனையோ தடவை மனசுக்குள் நடத்திப் பார்த்திருக்கிறாள். அவனை நேரில் பார்த்தால் இன்னது சொல்வேன், அவன் இன்னது சொன்னால் நான் இப்படித் திருப்பிக் கொடுப்பேன் என்று. இப்போது பார்த்தால் எதிரே நிற்பவன் காதோரம் நரைத்துப்போன, வியர்த்து ஓய்ந்த ஒரு கைடு. அவ்வளவுதான். கோபத்தைத் தேடிப் பார்த்தாள். கிடைக்கவில்லை. கோபம் மட்டுமில்லை, வேறெதுவும் இல்லை. நாள் முழுக்கத் தோளில் மாட்டியிருந்த பையை இறக்கிவைத்த மாதிரி இருந்தது.

"ஒண்ணு சொல்லணும்" என்றாள். "அவங்க தானா வரலை. நான்தான் என் ஆளுன்னு நினைச்சுக் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போனேன்."

ஹாஸெம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். "அப்போ என் பாசஞ்சரைத் திருடினதே நீதானா?"

"நானேதான்."

"அடிப்பாவி! அத்தனை கல்லறையிலயும் தவழ்ந்தேனே!" என்றவன் சிரிக்கத் தொடங்கிவிட்டான். அடுப்படிப் பெண்களும் என்ன ஏது என்று தெரியாமலே சேர்ந்து சிரித்தார்கள். சிரித்து முடித்து, "எங்க ஆபீசுக்கே பேசியிருக்கலாமே?" என்று கேட்டான்.

"பேசியிருக்கலாம்."

"ஏன் பேசலை?"

"லைன் கிடைக்கலை."

அவன் அதற்குமேல் கேட்கவில்லை. சூடான ரொட்டி ஒன்றை எடுத்துப் பிய்த்து அவளிடம் பாதியை நீட்டினான். வாங்கிக்கொண்டாள்.

அப்போதுதான் லூஜைனின் போன் வந்தது. பள்ளி விட்டிருக்கும்.

"அம்மா, ரெண்டு தடவை கூப்பிட்டிருக்கே. என்னாச்சு? யாருக்கு என்ன?"

"யாருக்கும் ஒண்ணுமில்லைடி. அப்பாகிட்ட ஒண்ணு சொல்லச் சொல்லலாம்னு கூப்பிட்டேன். நீ எடுக்கலை. நானே பேசிட்டேன்."

"நீயா? அப்பாகிட்டயா? கத்தாமலா?"

"இதோ, பக்கத்துலதான் நிக்கறாரு. ரொட்டி தின்னுட்டிருக்காரு."

மறுமுனையில் லூஜைன் விட்ட பெருமூச்சு ஹாஸெமுக்கே கேட்டிருக்கும். "அப்பாடா!" என்றாள். "அப்படின்னா வியாழக்கிழமை ஸ்கூல் மீட்டிங்குக்கு யார் வர்றதுன்னு நீங்களே பேசி முடிவு பண்ணுங்க. நான் இனிமே யாருக்கும் எதுவும் சொல்லமாட்டேன். எனக்குப் பசிக்குது, வெக்கறேன்."

"ரெண்டு பேருமே போகலாம்" என்றான் ஹாஸெம். "நீ இந்தக் கோடி பெஞ்சு, நான் அந்தக் கோடி."

"நேரத்துக்கு வா. அது போதும்."

அவன் ஆட்களைக் கூப்பிடப் போனான். ஆறு மணிக்குள் துறைமுகம் போய்ச் சேர வேண்டியவன். அவன் பஸ் கிளம்பியபோது ஜன்னலோரத்தில் வெள்ளைத் தொப்பி தெரிந்தது. லூச்சியானா பக்கத்தில் உட்கார்ந்து ஏதோ முறையிட்டுக்கொண்டிருந்தார். ஓர்னெல்லா கேட்டுக்கொள்வதாகத் தெரியவில்லை.

இனாஸின் கூட்டமும் கிஸா போயிற்று, ஒட்டகத்தில் ஏறிற்று, இறங்கிற்று, படம் எடுத்தது. அதற்கப்புறம் ஒரு வம்பும் வரவில்லை. அலெக்சாந்திரியாவுக்குத் திரும்புகிற பாலைவனச் சாலையில் வழக்கமாக அவள் கிளியோபாட்ரா கதை சொல்வாள். அன்றைக்கு மைக்கை எடுத்து, "எல்லாரும் களைச்சுப் போயிருப்பீங்க, தூங்குங்க" என்று மட்டும் சொன்னாள். பின்னாலிருந்து நன்றியுடன் ஒரு முனகல் வந்தது.

"என்ன டாக்டரம்மா, ஆபீசுக்குப் போன் போடாம விட்டுட்டீங்களேன்னு இப்ப வருத்தமா இருக்கா?" என்றார் ரிஃபாத்.

திரும்பிப் பார்த்தார். இனாஸ் செருப்பைக் கழற்றிவிட்டு, காலை மடக்கி, தலையை ஜன்னலில் சாய்த்துக்கொண்டு, வாய் லேசாகத் திறந்திருக்கத் தூங்கிக்கொண்டிருந்தாள். இத்தனை வருஷத்தில் கைடு இருக்கையில் அவள் தூங்கி அவர் பார்த்ததில்லை. ரேடியோவைக் குறைத்தார். பிறகு, அதுவும் வேண்டாம் என்று அணைத்துவிட்டு, மேற்கே இறங்குகிற வெயில் அவள் முகத்தில் படாதபடி திரையை இழுத்துவிட்டார்.